கோமதி, சங்கரன்கோவில்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று "ஏட்டி கோமதி" என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலு பெண்களாவது திரும்பிப் பார்ப்பார்கள். "ஏலே சங்கரா" என்றால் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிற டிரைவரே பிரேக் போட்டுவிடுவார். கோவிலில் இருக்கிற சாமி பெயரையும் அம்மன் பெயரையும் தாண்டிப் பிள்ளைகளுக்குப் பெயர் தேட எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காலத்தில் பொறுமை கிடையாது. நான் படித்த வகுப்பில் மட்டும் ஆறு கோமதி. டீச்சர் எங்களை அடையாளம் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் கண்ணாடி போட்ட கோமதி.

இந்தப் பெயர்க் குழப்பத்தை உருப்படியாகப் பயன்படுத்திக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ஆபீசில் இருந்தார். நெசவாளர்களுக்கு நூல் கொடுக்கிற கூட்டுறவுக் கிட்டங்கி அது. முன்னால் நூல் பேல்கள், பின்னால் நாலு மேஜை போட்ட ஆபீஸ். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே தற்காலிக வேலையில் சேர்ந்தபோது அவர் சீனியர் கிளார்க். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனாவோடு எப்போதும் இரண்டு தபால் கார்டுகள். ஊருக்கே அவர் அண்ணாச்சி. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

புதிதாக எது வந்தாலும் அதைப் பற்றி அண்ணாச்சிக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. வானத்தில் விட்ட செயற்கைக்கோள், பெல்பாட்டம் பேன்ட், எண்ணில் மணி காட்டுகிற கைக்கடிகாரம், கதாநாயகியின் சவுரி முடி, பாட்டைப் பிடித்து வைக்கிற டேப் ரெக்கார்டர் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். காலையில் பதினோரு மணிக்கு எதிரே இருக்கிற சங்கரன் டீக்கடைக்குப் போவோம். நான் கடைக்குள் போகமாட்டேன், வாசலில் பூ விற்கிற மாடத்தி அக்காவுக்குப் பக்கத்தில் நின்று டீ குடிப்பேன். கடைக்கு வந்த பேப்பரை அண்ணாச்சி ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத் தொடங்குவார்.

செயற்கைக்கோள் மேலே இருந்து பார்த்து மழை வருமா வராதா என்று சொல்லப்போகிறது என்று ஒருநாள் செய்தி. "அது என்னத்தப் பெரிசாச் சொல்லிரப் போவுது? திருவேங்கடத்துக் கரிசக்காட்டுக்காரன் கீழ நின்னு பாத்தே வராதுன்னு சொல்லிருவானே" என்றார். எண்ணில் மணி காட்டுகிற கடிகாரம் அவருக்குப் பிடிக்கவில்லை. பத்து இருபத்தேழு என்று அது சொல்லிவிட்டால், சுமார் பத்தரைக்கு வந்தேன் என்று மேனேஜரிடம் சொல்ல முடியாது என்பது அவருடைய வருத்தம். டேப் ரெக்கார்டரை மட்டும் அவர் மனதார வரவேற்றார். ரேடியோக்காரன் போடுகிற பாட்டுக்காக நாம் காத்திருந்தது போக, இனிமேல் பாட்டு நமக்காகக் காத்திருக்கும் என்று சொல்லி, அன்றைக்கு இன்னொரு டீ வாங்கிக் குடித்தார். அவரிடம் டேப் ரெக்கார்டர் கிடையாது. அப்போது அதை அவர் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

இதுதான் அவருடைய வழக்கம். முதலில் அபிப்பிராயம், அப்புறம்தான் பார்ப்பது. சினிமாவும் அப்படித்தான். படம் சங்கரன்கோவிலுக்கு வரவே மாசக்கணக்கு ஆகும். வந்தாலும் கூட்டம் வடிந்த மூன்றாவது வாரம்தான் போவார். ஆனால் மெட்ராசில் படம் வந்த வாரமே அவருடைய கருத்து தபாலில் ஏறியிருக்கும். பத்திரிகையில் வந்த இரண்டு ஸ்டில்லும் ரேடியோவில் கேட்ட ஒரு பாட்டும் போதும் அவருக்கு. ஆளைப் பார்த்தால் குரல் தெரியாதா என்பார்.

தபால் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். வாரப் பத்திரிகைகளில் வாசகர் கடிதம் என்று ஒரு பக்கம் உண்டு. கடிதத்துக்குக் கீழே எழுதியவர் பெயரும் ஊர்ப் பெயரும் போடுவார்கள், வேறு விலாசம் கிடையாது. அந்தப் பக்கத்தில் வாரம் தவறாமல் எங்கள் ஊர் இருந்தது. சங்கரன், சங்கரன்கோவில். மாடத்தி, சங்கரன்கோவில். கோமதி, சங்கரன்கோவில். எல்லாம் அண்ணாச்சி எழுதியவை. தன் பெயரை மட்டும் அவர் போடவேமாட்டார். கவர்ன்மென்ட் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவன் அனுமதி இல்லாமல் பத்திரிகைக்கு எழுதக்கூடாது என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பாட்டின் வரியைக் கிண்டல் செய்து தன் பெயரிலேயே எழுதி ஒரு மெமோ வாங்கியிருந்தார் அவர். அதற்குப் பிறகு மனைவி பெயரில் எழுதிப் பார்த்தார். "எம் பேர்ல சினிமாக்காரிய வைய வேண்டாம்" என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டதால் ஊரார் பெயருக்கு வந்தார்.

யாரையும் கேட்கமாட்டார். அது திருட்டு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தன் பெயரை ஒரு தரமாவது அச்சில் பார்த்தால் மனிதனுக்கு ஒரு தெம்பு வரும் என்பது அவர் கட்சி. யாருக்கு அந்த வாரம் தெம்பு தேவை என்று அவரே முடிவு செய்வார். டீக்கடைச் சங்கரனின் பையன் பரீட்சையில் தோற்ற வாரம், செயற்கைக்கோள் பற்றி சங்கரனின் கருத்து மெட்ராஸ் பத்திரிகையில் வந்தது. சங்கரன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து பாய்லருக்கு மேலே ஒட்டினார். டீ குடிக்க வந்தவர்கள் செயற்கைக்கோளைப் பற்றிச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் சளைக்காமல் சொன்னார். ஒரு மாதத்தில் அந்தக் கருத்து தன்னுடையதுதான் என்று அவரே நம்பிவிட்டார்.

இதில் ஒரு தரம் பெரிய வேடிக்கை நடந்தது. ஒரு புதுப்படத்தைப் பார்க்காமலே ஆகா ஓகோ என்று சங்கரன் பெயரில் எழுதிப் போட்டார் அண்ணாச்சி. அந்தக் கார்டு பத்திரிகை ஆபீசில் எங்கேயோ கிடந்து தாமதமாகிவிட்டது. அதற்குள் வேலையாக மதுரைக்குப் போனவர் அங்கே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். வந்த கோபத்தில், கதாநாயகி ஆற்றில் குதித்து எழுந்த பிறகும் பூ வாடாமல் இருக்கிறதே, அந்தப் பூ எந்த ஊரில் கிடைக்கும் என்று மாடத்தி அக்கா பெயரில் ஒன்று எழுதினார். இரண்டும் ஒரே வாரம், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வந்து நின்றன. ஒரே வாசலில் கடை வைத்திருப்பவர்கள். மாடத்தி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு டீக்கடையைப் பார்த்துச் சொன்னாள்: "பூவப் பத்தி எனக்குத் தெரியுமா, டீ ஆத்துதவனுக்குத் தெரியுமா?" இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணாச்சி நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சமாதானம் செய்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஆபீசுக்குள் ஓடிவிட்டேன்.

என் பெயர் முதலில் வந்தது அப்பா இறந்த மறுமாதம். அப்பாவின் இடத்தில் இருந்து அம்மாவை நான்தான் பார்க்க வேண்டும் என்ற நிலையில் வேலைக்கு வந்தவள் நான். மேஜையில் குனிந்த தலை நிமிரமாட்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை அண்ணாச்சி சொன்னதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பத்திரிகையை மடித்து என் லெட்ஜருக்கு மேலே வைத்துவிட்டுப் போனார். விரித்துப் பார்த்தால், கதாநாயகனுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் ஏன் எப்போதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு உண்மை சொல்ல முடியாதா என்று ஒரு கேள்வி. கீழே கோமதி, சங்கரன்கோவில். என் மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்த மாதத்தில் நான் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அம்மா அந்தப் பக்கத்தை வாங்கி, கோமதி அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஊரில் இருந்த மற்றக் கோமதிகளுக்கும் அன்று திருநாள்தான். தெப்பக்குளத் தெருவில் ஒரு கோமதி அதைத் தான் எழுதியதாகவே சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. யார் எழுதியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் அண்ணாச்சிக்கு இருந்த பாதுகாப்பு. அதோடு அவருக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஆபீசைப் பற்றி மட்டும் எழுதமாட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆபீசுக்கு ஒரு மெஷின் வந்தது. மின்சாரத்தில் ஓடுகிற கணக்கு மெஷின். எண்ணைத் தட்டினால் கூட்டி, பெருக்கி, சுருள் காகிதத்தில் அச்சடித்துத் தரும். இந்தத் தாலுகாவிலேயே இந்த ஆபீசுக்குத்தான் முதலில் வந்திருக்கிறது என்று மேனேஜர் பூரித்துப் போனார். பூரித்ததோடு சரி. கெட்டுப்போனால் தன் தலையில் விழும் என்ற பயத்தில் அதற்கு ஒரு பச்சைத் துணி உறை தைத்துப் போட்டு, பிளக் வயரைச் சுருட்டித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். நாங்கள் பழையபடி விரல்விட்டுக் கூட்டினோம். ஆயுத பூஜைக்கு மட்டும் உறைக்கு மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தோம்.

அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகை, கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடுமா என்று வாசகர்களைக் கேட்டிருந்தது. அதே வாரம் என்னைப் பெண் பார்க்க ராஜபாளையத்தில் இருந்து வந்தவர்கள், கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஆபீசில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பேரேட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுதிக்கொண்டிருந்ததை அண்ணாச்சி பார்த்திருக்கிறார். எனக்கு ஒரு தெம்பு தேவை என்று முடிவு செய்துவிட்டார். அந்த ஆர்வத்தில் தன் கட்டுப்பாட்டை மறந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வந்தது: "கம்ப்யூட்டரால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். எங்கள் நூல் கிட்டங்கி ஆபீசுக்குக் கணக்கு மெஷின் வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் உறையைக் கழற்றவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துக்கொண்டதுதான் அது இதுவரை செய்த ஒரே வேலை. கோமதி, சங்கரன்கோவில்." பத்திரிகைக்காரர்கள் அதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், படித்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். இதில் வினை இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை.

திருநெல்வேலியில் இருந்த எங்கள் மேலதிகாரியின் மனைவி அந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவர். ஏதோ ஊர் ஆபீஸ் என்று நினைத்துக் கணவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். நூல் கிட்டங்கி, கணக்கு மெஷின், சங்கரன்கோவில், கோமதி. அதிகாரிக்கு யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வாரம் என் பெயருக்கு மெமோ வந்தது. அலுவலக ரகசியத்தை வெளியிட்டதற்காக உன்னை ஏன் வேலையில் இருந்து நீக்கக்கூடாது, ஏழு நாளுக்குள் விளக்கம் எழுது என்று. எனக்கு வேலை நிரந்தரம் ஆக அப்போது நாலு மாதம் இருந்தது. படித்து முடித்ததும் அம்மாவின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். முதலில், ஊரில் ஆயிரம் கோமதி இருக்கிறார்கள், எந்தக் கோமதியோ என்று எழுதிவிடு என்றார். அப்புறம் அவரே யோசித்து, இந்த ஆபீசில் எத்தனை கோமதி என்று கேட்பானே என்றார். அண்ணாச்சி வெளியே போயிருந்த சமயம் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "எழுதுனது யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தாளு பேர எழுது, நீ தப்பிச்சுருவ. ஆனா ஒண்ணு. அவருக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு. இது ரெண்டாவதுன்னா, எனக்குப் பொறகு இந்த நாற்காலி அவருக்குக் கெடையாது. ஊர விட்டும் தூக்கிருவான். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். நான் எழுதவில்லை என்று ஒரு வரி எழுதுவேன். அதற்கு அடுத்த வரிக்குப் பேனா நகராது. கிழித்துப் போடுவேன். அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? கேட்காமல் என் பெயரை எடுத்தார். ஆனால் அப்பா இறந்தபோது எடுத்தபோதும் கேட்கவில்லையே, அன்றைக்கு இனித்ததே. மூன்று வருஷத்தில் ஒருநாளும் வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. அது வேறு என்னைக் குத்தியது. எல்லாவற்றையும்விட, அவர் என்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசாததுதான் தாங்க முடியவில்லை. மெமோ வந்த நாளில் இருந்து அவர் என் மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை. அவரை நான் வெறுத்தேன் என்றே சொல்லலாம், அந்த ஐந்து நாளும்.

அந்த ஐந்து நாளும் அண்ணாச்சிக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லை. ஊரில் முதல் டி.வி. வந்த வாரம் அது. ஒரு வக்கீல் வீட்டு மாடியில் பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டு, இலங்கை டி.வி.யின் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. டீக்கடைச் சங்கரன் ஆவலாக, என்ன அண்ணாச்சி, டி.வி. எப்படி என்று கேட்டார். "நான் பாக்கலயே" என்றார் அவர். சங்கரன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பார்க்காததை ஒரு காரணமாக அண்ணாச்சி சொல்லி யாரும் கேட்டதில்லை. மாடத்தி அக்கா என்னிடம், "என்னட்டி, அண்ணாச்சிக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டாள்.

ஆறாம் நாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஆபீசுக்குப் போனேன். அண்ணாச்சி பெயரை எழுதிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன், இதை மறைக்க விரும்பவில்லை. படியேறும்போதே டகடக என்று ஒரு சத்தம். உள்ளே மெஷினின் பச்சை உறை மடித்துக் கிடந்தது. வயர் பிளக்கில் இருந்தது. மேனேஜர் டிராயர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்க, அண்ணாச்சி ஒற்றை விரலால் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார். சுருள் காகிதம் நாக்கு நீட்டி வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் கிழித்துக் காட்டினார்.

"பாத்துட்டேன் மக்கா. எழுதுனதுக்குப் பொறவு பாக்குததுதான நம்ம வழக்கம். நல்ல மெஷின். சும்மா சொல்லக்கூடாது."

பிறகு மேஜையில் இருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். மேலதிகாரிக்கு எழுதியது. நல்ல முழு நீளத் தாள், கார்டில் எழுதுகிற அதே சின்ன எழுத்து. மெமோவில் கண்ட கடிதத்தின் கருத்தும் எழுத்தும் என்னுடையவை. பெயர் மட்டும் அந்தப் பெண்ணுடையது. அதை அவரிடம் கேட்காமல் எடுத்தது என் தவறு. அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. மெஷினை இன்று காலை இயக்கிப் பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது. உறையைப் பற்றி எழுதியதில் மட்டும் மாற்றம் இல்லை. இவ்வளவுதான். கீழே அவருடைய முழுப் பெயர், இனிஷியல், பதவியோடு. அவர் பெயரை அவர் கையெழுத்தில் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

இத்தனை நாள் பேசாமல் இருந்தீர்களே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார். "அஞ்சு நாளும் இத எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன். மத்ததெல்லாம் எழுதிருவேன். கடைசில எம் பேரப் போடணும்னா கை ஓட மாட்டேங்கு. பயம், மக்கா. வேற ஒண்ணுமில்ல." தாளை என் கையில் இருந்து திரும்ப வாங்கி, கீழே இருந்த பெயரைத் தள்ளி வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு பாக்குததுக்கு" என்றார்.

மேனேஜர் சொன்னபடியே நடந்தது. என் மெமோவை ரத்து செய்தார்கள், நாலு மாதத்தில் நிரந்தரமும் ஆனது. அண்ணாச்சிக்கு மேனேஜர் பதவி இல்லை, சேலத்துக்கு அப்பால் ஏதோ ஒரு கிட்டங்கிக்கு மாற்றல். மெஷினை உடனே பயன்படுத்த வேண்டும் என்று தனியாக ஒரு உத்தரவும் வந்தது. அதைச் சொன்னபோது அண்ணாச்சி மனம்விட்டுச் சிரித்தார். தன் கருத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை என்றார்.

அவரும் அவர் மனைவியும் இரண்டு டிரங்குப் பெட்டியோடு மதுரை பஸ் ஏறினார்கள். மாடத்தி அக்கா அந்த அம்மாளுக்கு ஒரு முழம் பிச்சிப்பூ கொடுத்தாள். அதற்குள் விஷயம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. போகிற ஊரில் பெயருக்கு என்ன செய்வீர்கள் என்று சங்கரன் கேட்டார். "ஊருக்கு ஊர் ஆளுக இருக்கத்தான செய்வாவ. இனிமே கேட்டுட்டுத்தான்" என்றார் அண்ணாச்சி. பஸ் நகர்ந்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் வாசகர் கடிதப் பக்கத்தில் எங்கள் ஊர் இல்லை. வாரா வாரம் பார்ப்பேன். பதினோரு மணி டீ ஒரு ருசியும் இல்லாமல் போனது.

இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும், எனக்கு ஒரு ரிப்ளை கார்டு வந்தது. இரண்டு கார்டுகளைச் சேர்த்து மடித்த மாதிரி இருக்கும். ஒன்றில் அனுப்புகிறவர் எழுதியிருப்பார். மற்றதில் நாம் பதில் எழுதி, கிழித்துத் தபாலில் போட வேண்டும். அண்ணாச்சியின் சின்ன எழுத்து. சுகம் விசாரித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்திருந்தார். எந்த ஊருக்கும் வீட்டில் இருந்தே நேராகப் போன் பேசலாம், ஆபரேட்டர் வேண்டாம், எஸ்.டி.டி. வருகிறது என்று பத்திரிகைகளில் வருவதைப் பார்த்திருப்பாய். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அது உன் பெயரில் வந்தால்தான் சரியாக இருக்கும். போடலாமா? மனசு இல்லாவிட்டால் வேண்டாம். என்ன கருத்து என்று எழுதவில்லை. கீழே பெயருக்குப் பதில் அண்ணாச்சி என்று மட்டும் போட்டிருந்தார்.

பதில் கார்டின் முன்பக்கத்தில் தன் விலாசத்தை அவரே எழுதி அனுப்பியிருந்தார். பெயர், இனிஷியல், ஊர். அதை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விளக்கம் எழுதிய தாள் திருநெல்வேலியில் ஏதோ ஒரு ஃபைலுக்குள் போய்விட்டது. அவர் பெயர் அவர் கையெழுத்தில் என்னிடம் வந்தது இந்த ஒரு கார்டில்தான். வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. வைத்துக்கொண்டால் அவருக்குப் பதில் போகாது. வேறு கார்டில் எழுதியிருக்கலாம் என்று இப்போது யாரும் சொல்லலாம். அவர் அனுப்பிய கார்டு திரும்பி வராவிட்டால், எனக்கு மனசு இல்லை என்று அந்த மனிதர் எடுத்துக்கொண்டிருப்பார், அது எனக்குத் தெரியும். போடுங்க அண்ணாச்சி என்று எழுதி, கிழித்து, அன்றைக்கே தபால் பெட்டியில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தது. பத்திரிகையை பஸ் ஸ்டாண்ட் கடையிலேயே நின்று பிரித்தேன்.

"எஸ்.டி.டி. வந்ததால் எல்லா ஊரும் பக்கத்தில் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வடக்கே வேலை பார்க்கிறார். அவரிடமும் போன் இல்லை, எங்களிடமும் போன் இல்லை. அவர் இருக்கும் ஊருக்கு இன்னமும் மூன்று பஸ் மாறித்தான் போக வேண்டும். அவர் இல்லாமல் இங்கே டீ நன்றாகவே இல்லை. கோமதி, சங்கரன்கோவில்."

டீக்கடையில் சங்கரனுக்கும் மாடத்தி அக்காவுக்கும் சேர்த்து உரக்க வாசித்தேன். கேட்டு முடித்ததும் மாடத்தி அக்கா, "நீதான எழுதுன?" என்றாள்.

ஆமாம், நான்தான் எழுதினேன் என்று சொன்னேன்.